வளைகுடாவில் ஒருவர் கைதானால் பதிவை எங்கே தேடுவது?

வெள்ளிக்கிழமை தோறும் தவறாமல் வரும் தொலைபேசி அழைப்பு ஒரு வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திக்கு ஒற்றைச் சரி அடையாளம் மட்டுமே நிற்கிறது. அறையில் கூட இருந்தவர், "பொலிஸ் கொண்டு போனதாகக் கேள்வி" என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் பேசத் தயங்குகிறார். பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிய எம்மவர் வீடுகளில் இந்த நிலைமை புதியதல்ல. ஊரில் இருக்கும் தாய் செய்வதறியாது கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உறவுகளைக் கூப்பிடுகிறார். அவர்களும் உடனே கணினியைத் திறந்து பெயரைத் தட்டித் தேடுகிறார்கள். ஒன்றும் கிடைப்பதில்லை.

கிடைக்காததற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் பல மாவட்டங்களில், ஒதுக்குப்புறமான கிராமப்புறங்களில்கூட, அன்று காலை சிறைக்குக் கொண்டுவரப்பட்டவரின் பெயர், படம், குற்றச்சாட்டு, பிணைத்தொகை ஆகியவற்றை ஷெரிப் அலுவலகத்தின் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். கனடாவிலும் பிரித்தானியாவிலும் தீர்ப்புகளைப் பெயர் வைத்துத் தேட முடிகிறது. வளைகுடா நாடுகளில் இத்தகைய பொதுப் பதிவேடு இல்லை. அங்கே விசாரணை என்பது இரகசியம். பத்திரிகைச் செய்திகளும் பெரும்பாலும் பெயரைத் தவிர்த்து, முதலெழுத்தையோ நாட்டினத்தையோ மட்டும் குறிப்பிடும். பதிவுகள் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. பதிவுகள் மிக ஒழுங்காகவே வைக்கப்படுகின்றன. ஆனால் அவை சம்பந்தப்பட்டவருக்கும், அவரது சட்டத்தரணிக்கும், அவரது நாட்டுத் தூதரகத்துக்கும் மட்டுமே திறக்கும். எந்தக் கதவை எவர் தட்டினால் திறக்கும் என்பதைத்தான் இக்கட்டுரையில் விளக்க முனைகிறோம்.

பெயர் அல்ல, இலக்கம்

கணக்கு எழுதிப் பழகிய எங்களுக்கு ஒரு விடயம் நன்கு தெரியும். பேரேட்டில் பெயர் தவறலாம், இலக்கம் தவறக் கூடாது. வளைகுடாவில் இது இன்னும் கூடுதலான உண்மை. எமது பெயர்களில் தந்தை பெயர் முன்னால் வருகிறது. கடவுச்சீட்டில் அது குடும்பப் பெயராக மாறுகிறது. பிறகு அதை அரபு எழுத்தில் எழுதும் உத்தியோகத்தர் தன் காதுக்குக் கேட்டபடி எழுதுகிறார். அரபியில் 'ப' என்ற ஒலிக்கே எழுத்து இல்லை. பரமேஸ்வரன் 'ப'வுக்குப் பதில் வேறோர் எழுத்தில் பதிவாவார். அதைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றும்போது வேறொரு மனிதராகவே ஆகிவிடுவார். ஆகவே பெயரைச் சொல்லி விசாரித்துவிட்டு "அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை" என்ற பதிலைப் பெறுவதால் எதுவும் உறுதியாகிவிடாது.

இலக்கம் இருந்தால் நிலைமை வேறு. ஐக்கிய அரபு எமிரேட்ஸின் அடையாள அட்டை 15 இலக்கங்கள் கொண்டது, 784 என்று தொடங்கும். சவூதியின் இக்காமா 10 இலக்கங்கள், வெளிநாட்டவருக்கு 2 இல் தொடங்கும். குவைத்தின் பத்தாக்காவில் 12, கட்டாரில் 11, பஹ்ரைனில் 9 இலக்கங்கள். இவற்றோடு எமிரேட்ஸில் விசாவில் காணப்படும் 'ஒருங்கிணைந்த இலக்கம்' என்பதும் முக்கியம். ஒருவர் கடவுச்சீட்டை மாற்றினாலும் அந்த இலக்கம் மாறாமல் தொடர்வதே வழக்கம். கடவுச்சீட்டு இலக்கம், விசா இலக்கம், வேலை கொடுத்த கம்பனியின் அல்லது கஃபீலின் முழுப்பெயர் ஆகியவையும் கையில் இருக்க வேண்டும்.

நான்கு வகைப் பதிவுகள்

"கேஸ் இருக்கிறதா?" என்று எம்மவர்கள் ஒரே சொல்லில் கேட்கிறார்கள். உண்மையில் நான்கு இடங்களில் நான்கு வகைப் பதிவுகள் உள்ளன.

முதலாவது பொலிஸ் முறைப்பாடு. இரண்டாவது, 'நியாபா' என்று அரபியில் சொல்லப்படும் அரச வழக்குத்தொடுநரிடம் உள்ள கோவை. மூன்றாவது நீதிமன்ற வழக்கும், தீர்ப்பை நிறைவேற்றும் பிரிவின் கோவையும். கடன், காசோலை, பயணத்தடை எல்லாம் பெரும்பாலும் இந்த நிறைவேற்றுப் பிரிவில்தான் கிடக்கும். நான்காவது குடிவரவு, தொழில் பதிவுகள். வேலையை விட்டு ஓடிவிட்டார் என்று முதலாளி கொடுக்கும் அறிவித்தல் இதில் அடங்கும். சவூதியில் இதை 'ஹுரூப்' என்பார்கள்.

இந்த நான்காவது வகையை எம்மவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். ஹுரூப் போடப்பட்டவர் வீதியில் பிடிபட்டால் நேரே நாடுகடத்தல் தடுப்பு நிலையத்துக்குக் கொண்டு செல்லப்படலாம். ஜித்தா, மக்கா பக்கம் பிடிபடுவோர் சுமைசி நிலையத்தில் வைக்கப்படுவது ஓர் உதாரணம். அவருக்கு எதிராக நீதிமன்றத்தில் வழக்கே இருக்காது. எனவே நீதிமன்றத் தளத்தில் எத்தனை நாள் தேடினாலும் அவர் அகப்படமாட்டார்.

எந்த எமிரேட், எந்த ஊர்?

ஐக்கிய அரபு எமிரேட்ஸ் ஒரே நாடானாலும் அதற்கு ஒரே பொலிஸ் பதிவேடு என்று நினைத்துவிடக் கூடாது. ஏழு எமிரேட்டுகளுக்கும் தனித்தனிப் பொலிஸ் படைகள் உள்ளன. அபுதாபி, டுபாய், ராஸ் அல் கைமா ஆகியவை தமக்கெனத் தனி நீதித்துறையும் வைத்திருக்கின்றன. அஜ்மான், உம் அல் குவைன், புஜைரா ஆகியவை கூட்டாட்சி நீதித்துறையின் கீழ் வருகின்றன. டுபாயில் 'ஒன்றும் இல்லை' என்ற பதில் டுபாய்க்கு மட்டுமே பொருந்தும்.

நகரங்களுக்கு வெளியே இது இன்னும் சிக்கலாகும். தோட்டங்களிலும் கல்லுடைக்கும் இடங்களிலும் பண்ணைகளிலும் வேலை செய்வோர் பெரும்பாலும் மலையோரத்திலும் கிழக்குக் கரையிலும் இருக்கிறார்கள். ஹத்தா மலைக்குள் தனியே கிடந்தாலும் அது டுபாய்க்குச் சொந்தம். பக்கத்தில் உள்ள மஸ்ஃபூத் அஜ்மானுக்குச் சொந்தம். கோர்ஃபக்கானும் கல்பாவும் புஜைராவை ஒட்டி இருந்தாலும் அவை சார்ஜாவின் ஊர்கள். திப்பா என்ற ஒரே பெயரில் மூன்று பகுதிகள் உள்ளன. ஒன்று புஜைராவுக்கும், ஒன்று சார்ஜாவுக்கும், மற்றொன்று ஓமான் நாட்டுக்கும் உரியது. "திப்பாவில் பிடித்தார்களாம்" என்ற தகவலோடு புறப்படுபவர் தவறான நாட்டின் தூதரகத்தையே அழைக்க நேரலாம். அல் ஐன் அபுதாபி நகரிலிருந்து ஒன்றரை மணிநேர ஓட்டம் என்றாலும் அது அபுதாபி நீதித்துறைக்குள்தான் அடங்கும். ஆகவே கூட இருந்தவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "ஏன் பிடித்தார்கள்?" என்பதல்ல, "எந்த இடத்தில், எந்தப் பொலிஸ் வண்டி?" என்பதே.

இணையத்தில் கிடைப்பவை

டுபாய் பொலிஸின் இணையத்தளத்திலும் செயலியிலும், நிதி சார்ந்த குற்ற வழக்கு ஒருவர் மீது உள்ளதா என்று அறியும் சேவை இருக்கிறது. அடையாள அட்டை இலக்கம் தேவை. நிதி சாராத வழக்குகள் அதில் தெரியாது. அபுதாபி நீதித்துறை 'எஸ்தஃப்சர்' என்ற சேவையை வைத்திருக்கிறது. 'விசாரித்துக்கொள்' என்பது அதன் பொருள். ஒருங்கிணைந்த இலக்கத்தைக் கொடுத்து, வழக்குத்தொடுநர் தேடுகிறாரா என்று பார்க்கலாம். டுபாய் நீதிமன்றங்களின் தளத்தில் வழக்கு இலக்கமும் ஆண்டும் தெரிந்தால் வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று அறியலாம்.

சவூதியில் உள்துறை அமைச்சின் 'அப்ஷர்' கணக்கும், நீதி அமைச்சின் 'நாஜிஸ்' தளமும் உள்ளன. ஹுரூப் நிலையை இக்காமா இலக்கம் கொண்டு தொழில் அமைச்சின் தளத்தில் பார்க்கலாம். குவைத்தில் 2021 இல் வந்த 'சாஹெல்' செயலியும் நீதி அமைச்சின் தளமும், கட்டாரில் உள்துறை அமைச்சின் 'மெத்ராஷ்' செயலியும், பஹ்ரைனில் அரசின் மின்சேவைத் தளமும் இதே வேலையைச் செய்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை சம்பந்தப்பட்டவரின் கைபேசிக்கு ஒரு குறியீட்டை அனுப்பி உறுதிசெய்யும். அவர் கைபேசியோ பொலிஸிடம் இருக்கும். அதனால் இச்சேவைகள் கைதாவதற்கு முன்னர் தன்னைப் பற்றித் தானே பார்த்துக்கொள்வதற்கு மிகவும் உதவும், கைதான பின் குடும்பத்துக்கு உதவுவது குறைவு.

முற்றிலும் பொதுவில் இருப்பவையும் சில உண்டு. டுபாயின் சர்வதேச நிதி மையத்து நீதிமன்றங்களும் அபுதாபி உலகச் சந்தையின் நீதிமன்றங்களும் தமது தீர்ப்புகளை ஆங்கிலத்தில் வெளியிடுகின்றன. ஆனால் அவை வணிக வழக்குகளுக்கானவை. குற்ற வழக்குகள் அங்கே வருவதில்லை. கட்டாரின் 'அல் மீஸான்' தளத்தில் சட்டங்களைப் படிக்கலாம்.

கடிகாரம் எப்படி ஓடுகிறது

எமிரேட்ஸின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1992 இல் வந்தது. 2022 இன் புதிய சட்டம் 2023 மார்ச்சில் அதன் இடத்தைப் பிடித்தது. பொதுவான ஒழுங்கு இதுதான். கைதானவரைப் பொலிஸ் 48 மணிநேரத்துக்குள் வழக்குத்தொடுநரிடம் அனுப்ப வேண்டும். வழக்குத்தொடுநர் 24 மணிநேரத்துக்குள் விசாரித்து, விடுவிப்பதா மறியலில் வைப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். மறியல் முதலில் 7 நாள், பிறகு 14 நாள் வரை நீடிக்கலாம். அதற்கு மேல் நீதிபதியின் உத்தரவு தேவை. அரச பாதுகாப்பு சார்ந்த வழக்குகளில் நடைமுறை வேறுபடும்.

இதை அறிந்தால் யாரை எப்போது கேட்பது என்பது தெளிவாகும். முதல் இரண்டு நாட்கள் அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்தை விசாரிக்க வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து வழக்குத்தொடுநர் அலுவலகத்தைக் கேட்க வேண்டும். அதன் பிறகு அவர் டுபாயில் அல் அவீர், அபுதாபியில் அல் வத்பா போன்ற சிறைகளுக்கு மாற்றப்பட்டிருக்கலாம். கம்பனியில் அரச அலுவலக வேலைகளைப் பார்க்கும் 'மந்தூப்' என்பவர் அரபி தெரிந்தவர், இந்த அலுவலகங்களுக்கு அன்றாடம் போய் வருபவர். முறைப்பாடு கொடுத்தது கம்பனியே அல்லவென்றால், முதல் தகவலை அவர் மூலம் பெறுவதே விரைவானது.

தூதரகமும் எமது தயக்கமும்

1963 ஆம் ஆண்டின் வியன்னாக் கொன்சியூலர் சாசனத்தின் 36 ஆம் உறுப்புரை, கைதானவர் கேட்டால் அவரது நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றி அறிவிக்க வேண்டும் என்கிறது. 'கேட்டால்' என்ற சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். கேட்கும் உரிமை தனக்குண்டு என்பது எம்மவருக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும், இலங்கைத் தூதரகத்துக்குத் தன் பெயர் போவதை விரும்பாதவர்கள் எம்மில் பலர். அந்த அச்சத்துக்குக் காரணங்கள் உண்டு, அதை எவரும் இலேசாக எடுக்கக் கூடாது. ஆனால் விலை என்ன என்பதையும் எடைபோட வேண்டும்.

றிசானா நபீக்கின் வழக்கு அந்த விலையைக் காட்டியது. மூதூரைச் சேர்ந்த அந்தச் சிறுமி 2005 இல் வீட்டுப் பணிப்பெண்ணாக சவூதி சென்றார். ரியாத்துக்கு மேற்கே வெகுதொலைவில் உள்ள தவாத்மி என்ற ஊரில் வேலை. சென்ற சில வாரங்களில் அவர் பார்த்துக்கொண்ட நான்கு மாதக் குழந்தை இறந்தது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. பால் கொடுக்கும்போது மூச்சுத் திணறியது என்றே அவர் பிறகு சொன்னார். முதல் விசாரணையில் அவருக்குச் சட்டத்தரணி இல்லை, தகுதியான மொழிபெயர்ப்பாளரும் இல்லை. முகவர்கள் செய்து கொடுத்த கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1982. ஊரில் உள்ள பிறப்புச் சான்றிதழில் 1988. அதன்படி அவருக்கு அப்போது 17 வயது. 2007 ஜூனில் தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்த பின்னரே மேன்முறையீட்டுக்குச் சட்டத்தரணி அமர்த்தப்பட்டார். 2013 ஜனவரி 9 அன்று தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அந்த வழக்கில் மிக முக்கியமான பதிவு சவூதியில் இருக்கவில்லை, மூதூரில் இருந்தது. பிறப்புச் சான்றிதழ், பாடசாலைப் பதிவு ஆகியவை முதல் விசாரணைக்கு முன்னரே, உறுதிப்படுத்தப்பட்ட அரபு மொழிபெயர்ப்போடு போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவை. அங்கே பதிவைத் தேடும் அதே நாளில், ஊரில் உள்ள பதிவையும் எடுக்கத் தொடங்க வேண்டும் என்று நாம் வலியுறுத்துவது இதனால்தான்.

இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு அபுதாபித் தூதரகம், டுபாய் துணைத் தூதரகம், கொழும்பில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு, யாழ்ப்பாணத்தில் அதன் பிராந்திய அலுவலகம் ஆகியவை வழிகள். பணியகத்தில் பதிந்து சென்றிருந்தால் வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கும் முறைப்பாடு செய்யலாம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு 'மதத்' இணையத்தளமும், தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையும் உண்டு. கனடிய, பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர் அந்தந்த நாட்டுத் தூதரகத்தையே கேட்க வேண்டும்.

அகதிப் பயண ஆவணத்தில் செல்வோர் ஒன்றை அறிந்திருப்பது அவசியம். 1951 ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தின் இணைப்பில் உள்ள 16 ஆம் பந்தியின்படி, அந்த ஆவணத்தை வழங்கிய நாட்டின் தூதரகப் பாதுகாப்பைக் கோரும் உரிமை அதனால் மட்டும் வந்துவிடாது. வளைகுடாவின் ஆறு நாடுகளும் அந்தச் சாசனத்தில் சேரவும் இல்லை. 2012 இல் கடலில் மீட்கப்பட்டு டுபாயின் ஜெபல் அலியில் வைக்கப்பட்ட ஈழத் தமிழ் அகதிகள் 2013 இல் நாடுகடத்தப்படும் அபாயத்தில் நின்றபோது, அதை உலகம் அறிந்தது எந்த அரச பதிவேட்டிலிருந்தும் அல்ல, மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளிலிருந்தே. இந்த நிலையில் உள்ளவருக்கு அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையரகமும், காணாமற்போன உறவுகளைத் தேடும் செஞ்சிலுவைச் சங்கத்தின் சேவையுமே முதல் கதவுகள்.

காசோலை, கடன், பயணத்தடை

கைதுகளில் ஒரு பகுதி பணம் தொடர்பானது. எமிரேட்ஸில் கணக்கில் பணமில்லாமல் காசோலை திரும்பினால் முன்னர் சிறை. 2022 ஜனவரி 2 முதல் அந்த நிலை பெரும்பாலும் மாறிவிட்டது. இப்போது திரும்பிய காசோலையையே நேரடியாக நிறைவேற்று நீதிபதியிடம் கொண்டு சென்று பணத்தை அறவிடலாம். கணக்கில் உள்ள தொகையை வங்கி பகுதியாகக் கொடுக்கவும் வேண்டும். ஆனால் மோசடி நோக்கோடு காசோலை கொடுப்பதும், வேண்டுமென்றே கணக்கை மூடுவதும் இன்னும் குற்றமே. தவிர, 10,000 திர்ஹமுக்குக் குறையாத கடனுக்குக் கடன் கொடுத்தவர் பயணத்தடை கேட்கலாம்.

இது அங்கே இருப்பவர்களின் பிரச்சினை மட்டுமல்ல. 2008, 2009 நெருக்கடியில் வேலை போய், கடன் அட்டையையும் வாகனக் கடனையும் அப்படியே விட்டு வெளியேறி, இன்று ஐரோப்பாவில் குடியுரிமையோடு வாழ்பவர்கள் எம்மிடையே உள்ளனர். ஊருக்குப் போகும் மலிவான விமானம் டுபாய் வழியாகப் போகிறது. குழந்தைகளோடு விமான நிலையத்தில் மறிக்கப்படுவதைவிட, பயணத்துக்கு முன்னர் பார்த்துக்கொள்வது நல்லது. பழைய விசாப் பக்கத்திலுள்ள இலக்கத்தோடு, அங்குள்ள சட்டத்தரணி ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்தால் அவர் பொலிஸ், நீதிமன்றம், நிறைவேற்றுப் பிரிவு மூன்றிலும் பார்ப்பார். முன்னாள் வதிவாளர்கள் கைரேகை கொடுத்துப் பொலிஸ் சான்றிதழ் பெறும் வழியும் இருக்கிறது.

பணம் பறிப்போரும் இங்கேதான் நுழைகிறார்கள். "பொலிஸுக்குள் ஆள் இருக்கிறது, இன்றிரவே வெளியே எடுக்கலாம்" என்று ஊரில் உள்ள தாயிடம் இலட்சக்கணக்கில் வாங்கிய கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். எங்கள் அளவுகோல் எளிமையானது. வழக்கு இலக்கம், ஆண்டு, நீதிமன்றம் அல்லது பொலிஸ் நிலையத்தின் பெயர் ஆகிய மூன்றையும் தர முடியாதவருக்கு ஒரு சதமும் கொடுக்கக் கூடாது. சட்டத்தரணிக்குக் கொடுப்பதானால் உரிமம் பெற்ற அலுவலகத்தின் வங்கிக் கணக்குக்கு, பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். நீதிமன்ற மொழி அரபி. ஆவணங்கள் யாவும் அந்நாட்டு நீதி அமைச்சில் பதிந்த மொழிபெயர்ப்பாளர் வழியே போக வேண்டும். இந்தச் செலவையும் கட்டணம் பேசும்போதே கேட்டுவிட வேண்டும்.

முகநூலில் போடுவதற்கு முன்

கைதானவரின் படத்தைப் போட்டு முதலாளியின் பெயரையும் எழுதி நீதி கேட்பது இயல்பான உணர்ச்சி. ஆனால் எமிரேட்ஸின் 2021 ஆம் ஆண்டு 34 ஆம் இலக்க இணையக் குற்றச் சட்டம் அவதூறையும், அனுமதியின்றி ஒருவரது படத்தையோ தனிப்பட்ட விபரத்தையோ வெளியிடுவதையும் தண்டிக்கிறது. எழுதியவர் லண்டனில் இருக்கலாம். அதைப் பகிர்ந்த அறைத்தோழர் சார்ஜாவில் இருக்கிறார். பகிரங்கப் பிரசாரம் தேவைப்படும் வழக்குகளும் உண்டு, றிசானாவின் வழக்கு அவற்றில் ஒன்று. அந்த முடிவைச் சட்டத்தரணியோடு பேசிய பின் எடுப்பதே பாதுகாப்பு.

இன்றே எழுதி வைக்க வேண்டியவை

வளைகுடாவில் உறவுள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒரு தாள் போதும். கடவுச்சீட்டு, விசா, அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகளும் இலக்கங்களும். கம்பனியின் பெயர், மந்தூபின் தொலைபேசி. தங்கும் முகாமின் பெயர், அது எந்த எமிரேட் அல்லது மாகாணம் என்பது. அறைத்தோழர் இருவரின் இலக்கங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதி. எந்தத் தூதரகத்தை அழைக்கலாம், எதை அழைக்க வேண்டாம் என்று பிள்ளையே சொன்ன விருப்பம். பிரச்சினை வந்த பிறகு, யாரை எத்தனை மணிக்கு அழைத்தோம், என்ன பதில் வந்தது, எவ்வளவு கொடுத்தோம் என்பதைத் திகதியோடு அதன் பின்புறத்தில் எழுதிக்கொண்டே வர வேண்டும். பின்னர் ஒரு சட்டத்தரணியோ தூதரக அதிகாரியோ இந்த விடயத்தைக் கையில் எடுக்கும்போது, அவர் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான்.

அடுத்த முறை பிள்ளை அழைக்கும்போது, சாப்பிட்டாயா என்று கேட்ட கையோடு இந்த இலக்கங்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.